அக்கா சொருகிய வெடிப்புகள்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், அத்தான், குட்டி மூவரும் சுகம். அத்தானுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குறைந்துவிட்டதால் வலியும் குறைந்துவிட்டது என்கிறார். உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நேற்றிலிருந்து நான் உன்னோடு போனில் பேசக் கூடாது, மின்னஞ்சலும் அனுப்பக் கூடாது. உங்கள் குழுவுக்குப் போலி வெடிப்பு தயாரிக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். உங்கள் பதிவுகளை எடுத்த, இப்போது செத்துப்போன அந்தச் செயற்கைக்கோளோடு வருடக்கணக்கில் மாரடித்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அதன் கிறுக்குத்தனமெல்லாம் எனக்கு அத்துப்படி என்பது எங்கள் ஆய்வகத் தலைவருக்குத் தெரியும்.

அத்தான், "அது என்ன திருட்டு வேலை?" என்று கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். தம்பியின் ஆட்கள் பழைய எக்ஸ்ரே பதிவுகளில் நட்சத்திர வெடிப்புகளைத் தேடுகிறார்கள். ஒழுங்காகத் தேடுகிறார்களா என்று பார்க்க, நான் நடுவில் ஒன்றோ இரண்டோ போலியைச் சொருகிவிடுவேன். எத்தனை, எங்கே என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கண்டுபிடித்தவர் அது நிஜம் என்றே வைத்துக்கொண்டு கட்டுரை முழுவதையும் எழுதி முடிக்க வேண்டும். ஜூலை இரண்டாம் தேதி எல்லோர் முன்னாலும் நான் வாயைத் திறப்பேன். "ஜூலை வரைக்கும் நீ வாயை மூடிட்டு இருக்கணுமா? நடக்கிற கதையா பேசு" என்றார் அத்தான்.

நீ என் தம்பி என்பதே வேலையைக் கொடுத்த பிறகுதான் தலைவருக்குத் தெரிந்தது. போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயப்படுகிறார். அவர் பயம் நியாயம்தான். நான் ஒரு சின்னக் குறிப்புக் கொடுத்தாலும் உங்கள் கண்டுபிடிப்பு செல்லாது. அதனால் கடிதம் மட்டும். அதையும் அவர் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். இதைப் படித்துக்கொண்டிருக்கும் தலைவருக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று நின்று இவளுக்குக் கால் வீங்குகிறது, வேறு குறை இல்லை. இடையில் படிக்கும் ஐயா என் கடிதங்களைப் படிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் மனம்விட்டு எழுதலாம்.

என் அறை மூன்றாவது மாடிக்கு மாறிவிட்டது. ஜன்னலுக்குக் கீழே பேருந்துப் பணிமனை. பேருந்து பின்னால் வரும்போதெல்லாம் ஊதுகிற சத்தம் கேட்டுக்கேட்டு, கனவிலும் நான் பின்னால்தான் நடக்கிறேன். இரண்டு வருடமாகத் தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. என் ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. ஏதாவது கிடைத்தால்தான் நீட்டிப்பார்கள். அத்தான் சொன்ன காப்பீட்டு அலுவலக வேலையை இவள் தினமும் ஞாபகப்படுத்துகிறாள். நிரந்தர வேலை, உங்கள் ஊரிலேயே. அந்த மேலாளரின் மகனுக்கு அத்தான்தான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாராமே.

நாங்கள் தேடுவது மேக்னட்டார் வெடிப்புகளை. அது என்ன என்று அத்தான் கேட்டால் இப்படிச் சொல். பெரிய நட்சத்திரம் ஒன்று செத்து, சூரியனைவிடக் கனமாக, ஆனால் ஒரு ஊர் அகலத்துக்குச் சுருங்கிப்போனால் அது நியூட்ரான் நட்சத்திரம். அவற்றில் சிலதுக்குக் காந்தம் அளவு கடந்துபோகும். அதுதான் மேக்னட்டார். அந்தக் காந்தம் உள்ளே முறுக்கிக்கொள்ளும்போது மேல் ஓடு விரிசல் விட்டு எக்ஸ்ரேயாக வெடிக்கும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அப்புறம் வருடக்கணக்கில் கம்மென்று கிடக்கும். அத்தானிடம் கற்றுக்கொள்கிறவர்கள் கிளச்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுபோகுமே, கிட்டத்தட்ட அதுதான்.

குட்டிக்கு முத்தம்.

தம்பி

மார்ச் 17

அக்கா,

சுகம் விசாரிக்கவும் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். கிடைத்துவிட்டது.

பதினாறு வருடத்துக்கு முந்தைய பதிவு. கருவி சரியான பக்கம் பார்க்கக்கூட இல்லை, ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு வெடிப்பு. அதன் பின்னால் மங்கிக்கொண்டே போகிற ஒரு வால். அந்த வால் ஆறரை நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது. நட்சத்திரம் அந்த வேகத்தில் சுற்றுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் மேக்னட்டார் இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. எங்கள் சீனியர் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். நான் நின்றுகொண்டே மூன்று டீ குடித்தேன்.

குழுவுக்கு முறைப்படி அறிவித்துவிட்டோம். நாள், நேரம் எல்லாம் உனக்கும் வந்திருக்கும். வேறு தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் நிஜமா போலியா என்று தெரிந்துவிடும். ஜூலை வரை அதற்கும் தடை.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தம்பி

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அறிவிப்பும் கிடைத்தது. கட்டுரையை நன்றாக எழுது.

இங்கே மழை விட்டுவிட்டது. குட்டிக்கு ஒரு பல் விழுந்து அதை எங்கேயோ தொலைத்துவிட்டாள். வீடே தேடிக்கொண்டிருக்கிறது. அத்தான் பழைய காரை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார். ▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇

உன் வீட்டுக்காரியைச் சாயங்காலம் கொஞ்ச நேரம் காலை உயர்த்தி வைத்துக்கொள்ளச் சொல்.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இவளுக்கு வீக்கம் வடிந்திருக்கிறது, உன் யோசனைதான்.

புதுக் காருக்கு அப்புறம் ஒரு வரியைத் தலைவர் மையால் அடித்திருக்கிறார். அந்த வரியை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். படம் எடுத்து, நட்சத்திரப் படங்களை எப்படித் துலக்குவோமோ அப்படியெல்லாம் துலக்கிப் பார்த்தேன். பேருந்துப் பணிமனைதான் தெரிந்தது. இவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நேராகச் சொல்கிறேன். போலியாக இருக்குமோ என்ற பயம் என்னைத் தின்கிறது. வாலில் துடிப்பு இருப்பதால் நிஜம் என்கிறார் சீனியர். அவருக்கு உன்னைத் தெரியாது. நீ போலி செய்தால் துடிப்பையும் வைத்து, அதில் சின்னக் கோணலையும் வைத்துத்தான் செய்வாய். சின்ன வயதில் அப்பாவின் கையெழுத்தில் எனக்கு விடுப்புக் கடிதம் எழுதிக்கொடுத்தவள்தானே நீ.

காப்பீட்டு அலுவலகத்துக்கு மே முப்பத்தொன்றுக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ வாயைத் திறப்பதோ ஜூலையில். நிஜம் என்றால் இங்கே இருப்பேன். போலி என்றால் ஒப்பந்தமும் போய் அந்த வேலையும் போய் நடுத்தெருவில் நிற்பேன். எந்தப் பக்கம் போனாலும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

தம்பி

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். பல் கிடைத்துவிட்டது, அத்தானின் ஷூவுக்குள். வேறு விசேஷம் இல்லை.

அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் மொத்தம் மூன்று வரி இருந்தது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நல்ல சேதி இருந்திருந்தால் உன்னால் மூன்று வரியோடு நிறுத்தியிருக்க முடியாது. அப்படித்தான் எனக்குப் படுகிறது.

இத்தோடு காப்பீட்டு அலுவலகத்துக்கு என் சம்மதக் கடிதத்தை வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட அசல் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டுமாம். மே முடிவதற்குள் நீயே போய்க் கொடுத்துவிடு. கொடுத்துவிட்டால் அதற்கு மேல் பின்வாங்க முடியாது. ஜூலையில் என்ன வந்தாலும் நான் உங்கள் ஊர்க்காரன். பதில் எழுத வேண்டாம். உன்னைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

தம்பி

ஜூன் 8

மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. "நிறுத்து", "திருப்பு", "ஐயோ" மூன்றும்தான் என் தொழிலுக்குத் தேவை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உன் அக்கா எழுதமாட்டேன் என்கிறாள்.

மே மாதம் அவள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நான் ஒன்று கேட்டால் வேறொன்றுக்குப் பதில் சொன்னாள். அந்த மாதம் முடிகிற சமயம் ஒரு நாள் பகலிலேயே வேலையிலிருந்து வந்தாள். சமையலறையில் நின்று சிரித்தாள். அப்புறம் அழுதாள். அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டு தடவை உப்பு. குட்டிகூட முறையிடாமல் சாப்பிட்டாள். "தம்பி லெட்டரைக் குடுத்தியா?" என்று கேட்டேன். "போனேன்" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு இந்த நட்சத்திர விவகாரம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் உங்கள் இரண்டு பேரையும் யாரோ கையைக் கட்டிப் போட்டிருக்கிற மாதிரி இருக்கிறது. நீ இங்கே வேலைக்கு வந்தால் எங்களோடேயே தங்கலாம். மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான்

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான், ஆனால் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

ஜூலை இரண்டாம் தேதி திரையில் உன் முகத்தைப் பார்த்தது ஐந்து மாதம் கழித்து. நீ சொருகியது இரண்டு. ஒன்றைச் சீனியர் கண்டுபிடித்து நாற்பது பக்கம் எழுதிவைத்திருந்தார், பாவம். இன்னொன்றை நான் கருவிக் கோளாறு என்று தூக்கி எறிந்திருக்கிறேன். "மார்ச்ல அறிவிச்சது என்னோடது இல்லை" என்று நீ சொன்னபோது என் படம் உறைந்துபோனதாக எல்லோரும் நினைத்தார்களாம். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. உறைந்தது நான்தான்.

மறுநாள் வந்தது வினை. வெளியிலிருந்து வந்த பரிசோதகர் அம்மா, இந்த ஐந்து மாதத்தில் வேறு வேலைக்கு முயற்சி செய்தாயா என்று எல்லோரையும் கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. அக்கா, உனக்கும் அத்தானுக்கும் சொல்லாத ஒன்றை அங்கே சொன்னேன். மே இருபத்தெட்டாம் தேதி காப்பீட்டு அலுவலக மேலாளருக்குப் போன் செய்து, வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கடிதம் வந்தாலும் வாங்க வேண்டாம் என்றேன்.

காரணம் இவள்தான். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "மார்ச்ல இருந்துதான் நீங்க பாட்டு முணுமுணுக்கிறீங்க. வெடிப்பு போலியாவே இருக்கட்டும், பாட்டு நிஜம்தானே. காப்பீட்டு ஆபீஸ்ல அது வருமான்னு யோசிச்சுக்கோங்க." யோசித்தேன். வராது. நிஜமோ போலியோ, கடைசி வரை எழுதி முடித்துவிட்டுத் தெருவில் நிற்கலாம் என்று முடிவு செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உன் முகம் எப்படி மாறியது என்று அத்தான் அப்பாவியாக எனக்கு எழுதிவிடுவார், அதுவே குறிப்பாகிவிடும்.

அந்த அம்மா இதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நிரந்தர வேலையை வேண்டாங்கிறீங்க. ஒரு மாசம் கழிச்சு வெடிப்பு நிஜம்னு தெரியுது. போலி செய்தவங்க உங்க அக்கா. நான் என்ன நினைக்கணும்?" என்றார். இவள் சொன்னதைச் சாட்சி என்று எங்கே கொண்டுபோய் வைப்பது? விசாரணை முடியும் வரை கட்டுரையையும், வேறு தொலைநோக்கியால் பார்ப்பதையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். நட்சத்திரம் நிஜம், அதைக் கண்டுபிடித்தவன் மட்டும் திருடன் என்கிற கதையாகிவிட்டது.

நான் அனுப்பிய சம்மதக் கடிதத்தை நீ என்ன செய்தாய்? என்மேல் உள்ள பாசத்தில் கொடுக்காமல் வைத்திருந்தால், நீ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாய் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். உன் வேலைக்கும் ஆபத்து. எதுவானாலும் உண்மையை அவர்களுக்கே எழுது. என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு எழுத்துக்கூட மாற்றாதே.

தம்பி

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறோம். இந்தக் கடிதத்தைத் தலைவர் படிக்கவில்லை. "இனி நான் எதுக்கு?" என்று மைப்பேனாவை மேசையில் போட்டுவிட்டார். அடித்த வரி என்ன என்றால், "இங்கே எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறோம்". சந்தோஷம் என்ற சொல் அனுமதிக்க முடியாத அளவுக்கு ஆபத்தானது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. புதுக் காருக்காகத்தான் எழுதினேன் என்று சத்தியம் செய்தும் விடவில்லை. அவர் செய்தது சரிதான் என்று எனக்கும் பிறகு தோன்றியது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். கோபப்படுவாய், படு.

உன் அறிவிப்பு வந்த அன்று நாளையும் நேரத்தையும் பார்த்தேன். நான் அங்கே எதுவும் வைக்கவில்லை. நிஜம். உலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மூன்றரை மாதம் தவித்தேன். நீ ஏப்ரலில் பயந்து எழுதியபோது, எந்த வரியை எழுதினாலும் அதில் நிஜம் எட்டிப் பார்த்தது. கிழித்துக் கிழித்துப் போட்டு மிஞ்சியதுதான் அந்த மூன்று வரி.

அப்புறம் உன் சம்மதக் கடிதம் வந்தது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் திரிந்தேன். கொடுத்தால் உன் வாழ்க்கை போச்சு. கொடுக்காவிட்டால் அதுவே குறிப்பாகி, உன் கண்டுபிடிப்பே களவு. தலைவரிடம் போய் அழாத குறையாகக் கேட்டேன். அவர், "அக்காவா இருந்து யோசிக்காதீங்க. போலியை எங்க சொருகினீங்கன்னு உங்களுக்கே தெரியாதுன்னு வெச்சுக்கங்க. அப்ப என்ன செய்வீங்க?" என்றார். தெரியாதிருந்தால் கொடுத்திருப்பேன். தம்பி கேட்டான், கொடுத்திருப்பேன். அவ்வளவுதானே.

மே முப்பதாம் தேதி கொடுக்கப் போனேன். அந்த அலுவலகப் படியில் ஏறும்போது என்னை நானே வெறுத்தேன். உன் கண்டுபிடிப்பு நிஜம் என்று தெரிந்த ஒரே ஆள், அதை விட்டுவிட்டு நீ வரும்படியான காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மேலாளர் கை நீட்டினார். கொடுத்தேன். அவர் உறையின்மேல் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தள்ளினார். "உங்க தம்பி முந்தாநாளே வேண்டாம்னுட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். என்னை அங்கேயே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ செத்துப்போன செய்தி வந்துவிட்டது என்று நினைத்து ஒரு குமாஸ்தா மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

அன்றே தலைவரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. நீ உனக்குள்ளே வைத்திருந்ததை நானும் எனக்குள்ளே வைத்திருந்தேன். நேற்று அந்தப் பரிசோதகர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேலாளரும் தலைவரும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ முன்கூட்டியே போன் செய்யாதிருந்தால் நான் கொடுத்தது கொடுத்ததுதான். உன் அக்கா அப்படிப்பட்டவள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இவள் மருந்துக்கடையில் ஒரு நாற்காலி வாங்கிப் போடவைத்துவிட்டாள். சண்டை போட்டுத்தான்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். "கொடுத்தேன்" என்று நீ எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன். நிஜம் என்று தெரிந்தும் கொடுத்திருக்கிறாளே என்று வீட்டுக்குள் அலைந்தேன். இவளிடம் உன்னைத் திட்டினேன். கோபம் ஒரு பகல் முழுக்க இருந்தது.

மறுநாள் பரிசோதகர் அம்மா கூப்பிட்டனுப்பினார். எங்கள் குழு முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது. அவர் பேசியது கொஞ்சம்தான். "அக்கா சொல்லித்தான் தம்பி வேலையை வேண்டாம்னு சொன்னார்னு வெச்சுக்கிட்டா, அதே அக்கா ரெண்டு நாள் கழிச்சு அந்த வேலைக்குச் சம்மதக் கடிதத்தை எடுத்துட்டுப் போயிருக்க மாட்டாங்க. இவர் செய்தது அவங்களுக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சது இவருக்குத் தெரியாது. எனக்கு இனி கேக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை." என்னை நிமிர்ந்து பார்த்து, "நல்ல அக்கா உங்களுக்கு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அன்றைக்கே தடை நீங்கியது. வேறொரு தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். அது அங்கேதான் இருக்கிறது, அக்கா. மங்கலாக, அமைதியாக, ஆறரை நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கிக்கொண்டு. பதினாறு வருடத்தில் சுற்று ஒரு துளி மெதுவாகியிருக்கிறது. மேக்னட்டார் எவ்வளவு மெதுவாக வேண்டுமோ அவ்வளவு. சீனியர் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் சட்டைப் பொத்தான் தெறித்தது. ஒப்பந்தத்தை மூன்று வருடம் நீட்டித்துவிட்டார்கள். அத்தானிடம், மாடி அறைக்கு விடுமுறையில் வருகிறோம் என்று சொல்.

நீ அன்று பாசத்தில் அந்தக் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தால், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து என் நட்சத்திரத்தை நீயே அழித்திருப்பாய். நீ எனக்கு எதிராகப் படியேறினாய், அதனால் அது எனக்குக் கிடைத்தது. இதை நினைத்தால் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அழுகைதான் வருகிறது, அதுவும் நல்ல அழுகை.

கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் உன்னை என் அக்கா என்று போட அனுமதி இல்லையாம். "போலிகளைத் தயாரித்தவர்" என்று போட்டிருக்கிறேன். அச்சானதும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அந்த வரியைக் குட்டிக்குப் படித்துக் காட்டி, உன் அம்மாதான் என்று சொல்.

உன் தம்பி